வீட்டுக்குள்ளே ஒரு குடை

சென்ற வாரம் அக்கா, தனக்காகப் போட்டு வைத்த டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். டீயைத்தான் விட்டுவிட்டுப் போனாள். கோபத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

கோபம் எதன் மேல்? ஒரு பழைய துணியின் மேல். துணிக்காக ஒரு குடும்பம் அடித்துக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் இந்தக் குடும்பத்தோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அக்காவுக்கும் தங்கைக்கும் அப்பா விட்டுப்போன வீடு அது. ஆளுக்குச் சரிபாதி. ஓட்டுக் கூரை, உயரமான கூடம், தொட்டால் முனகும் ஜன்னல்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்ததைத் தங்கை திறந்து, தச்சரை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பழுது பார்த்து வருகிறாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது பத்திரமாக இருக்கிறது. பேச்சு சுருக்கென்று தைக்கும், கையில் எந்நேரமும் ஊசி இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் ஊசி.

துணியில் படம் வரைவது ஊசியின் தொழில். சாயம் தோய்ப்பாள், ஒட்டுப் போடுவாள், நூலால் வரைவாள். ஹோட்டல் வரவேற்பறைகளில் தொங்குகிற பெரிய பெரிய பூக்களில் பாதி அவள் போட்டவை. யாரையும் உறுத்தாத பூக்கள். அப்படிப் போட்டுப் போட்டு ஒரு நாள் கை நின்றுபோனது. நூலைக் கோப்பாள், துணியைப் பார்ப்பாள், நூலை உருவிவிட்டு எழுந்துவிடுவாள். கையில் ஓடாதது காலிலாவது ஓடட்டும் என்றுதான் இந்த வீட்டு வேலையில் இறங்கினாள்.

கூடத்தின் ஓடுகளுக்கு அடியில், தூசி கொட்டாமல் இருக்க இழுத்துக் கட்டிய கெட்டித் துணி ஒன்று இருந்தது. தச்சர் அதைப் பட்டை பட்டையாகப் பிரித்து இறக்கினார். தட்டியதும் அதன் மேல் அடித்திருந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே, ஒவ்வொரு மழையும் ஒழுகி ஒழுகி வரைந்துவிட்டுப் போன பழுப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஊசி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நின்றுபோன கை அன்றைக்கு ஓட ஆரம்பித்தது.

கறையின் ஓரத்தை ஒட்டி ஒட்டியே நூல் விட்டாள். செம்பழுப்பு, கறுப்பு, துரு நிறம். இதைக் கண்காட்சி மண்டபத்தில் மாட்டப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னாள். அந்த நிமிஷத்தில்தான் டீ ஆறியது.

மண்டபத்துப் பொறுப்பாளர் அம்மா இன்று மாலை நேரில் பார்க்க வருகிறார். காலையில் ஊசி சுருட்டி வைத்த பட்டைகளை எடுத்து விரித்தாள்.

நடுப்பட்டையைக் காணோம்.

"தச்சரே! நடுப்பட்டை எங்கே?"

தச்சர் ஏணி மேல் இருந்தார். வாயில் கவ்விய ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"அதுவா? நேத்து நீங்க நூல் வாங்கப் போயிருந்தப்ப அக்கா வந்தாங்க. எல்லாத்தையும் விரிச்சுப் பார்த்தாங்க. 'பரவாயில்லையே, புத்தி வந்துடுச்சே'ன்னாங்க. நடுவுல இருந்ததை மட்டும் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாருக்குப் புத்தி வந்துடுச்சாம்?"

"உங்களுக்குன்னுதான் நினைக்கிறேன். எனக்குன்னா என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

ஊசி பதில் சொல்ல நிற்கவில்லை. அக்கா தொட்ட எந்தத் துணியும் முன்பிருந்த மாதிரி திரும்பி வந்ததில்லை. அதுதான் அக்காவின் பெருமை. ஊர் முழுக்க அதற்குத்தான் அவள் கடைக்கு வருகிறது.

*

அக்காவின் சலவைக் கடை இரண்டு தெரு தள்ளி, முனையில் இருக்கிறது. முன்னால் கல்லா, பின்னால் இயந்திரங்கள், நடுவில் ஹேங்கரில் தொங்கும் மற்றவர்களின் கோட்டுகள். கல்லாவில் அத்தான். நல்ல மனிதர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவர் கல்யாணமான மறுநாளே தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து இடி விழுகிற நேரத்தில் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார்.

இன்றும் மடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு மேஜை விரிப்பு.

"வாம்மா ஊசி. உள்ளேதான் இருக்கா. நான் எதையும் பார்க்கலை, எதையும் கேக்கலை."

"கேட்கப் போறீங்க அத்தான். கொஞ்சம் இருங்க."

கறை எடுக்கிற மேஜைக்கு முன்னால் அக்கா நின்றாள். கையில் சின்ன பிரஷ். ஆவியில் முகம் சிவந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும்; பிறந்த நாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிற சின்னப் பெண்ணின் சந்தோஷம் அது. சண்டை போடத் தயாராக வந்தவள் மேஜைக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"வா வா. உன்னைத்தான் நினைச்சேன். கண்ணை மூடு."

"அக்கா, என் துணி எங்கே?"

"மூடேன்டி கொஞ்சம்!"

மூடவில்லை. அக்காவே இரண்டு கையாலும் பட்டையைத் தூக்கி விரித்துக் காட்டினாள்.

வெள்ளை. பால் வெள்ளை. நடுவில் ஊசி தைத்த நூல் வளையங்கள் மட்டும் அப்படியே நின்றன. கறை போன இடம் தெரியவில்லை.

"எப்படி?" என்றாள் அக்கா. "ப்ளீச்சைக் கிட்டவே கொண்டு போகலை. இரும்புக் கறைக்கு ப்ளீச் போட்டா அது இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும். எலுமிச்சை உப்பு, வெந்நீர், பிரஷ். உன் நூலைத் தொடாம, இண்டு இடுக்கெல்லாம் பிரஷை விட்டு எடுத்திருக்கேன். ஒரு இழை சாயம் போயிருக்கா பாரு!"

போகவில்லை. அதுதான் கொடுமை. வேலை அவ்வளவு சுத்தம்.

"என்ன பண்ணிட்டே அக்கா..."

"ஏன்? கறையை மறைக்கத்தானே சுத்திச் சுத்தித் தைச்சே? சட்டையில மை கொட்டினா மேல ஒரு பூ போட்டு மறைப்போமே, அந்த மாதிரி. பார்த்ததும் மனசு குளிர்ந்துபோச்சு எனக்கு. சரி, நான் கத்தினது வீண் போகலை, புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன். இத்தனை பெரிய கறையை மறைக்க முடியாம பாவம் ஓரத்துல மட்டும் தைச்சிருக்கே, மிச்சத்தை நாம எடுத்துக் குடுப்போம்னு..."

"மறைக்க இல்லக்கா." ஊசி ஒரு நூல் வளையத்தைத் தொட்டாள். "காட்டத்தான் தைச்சேன். கறைதான் படம். நூல் அதுக்கு வேலி."

அக்கா பட்டையை மேஜையில் இறக்கினாள்.

கடையில் ஒரு இயந்திரம் சுற்றி முடித்துத் தானாக நின்றது. முன்னால் அத்தான் மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பது கேட்டது.

"அப்போ நீ மாறலை," என்றாள் அக்கா.

"மாறலை."

"நம்ம வீட்டு ஒழுகலை ஊரைக் கூட்டிக் காட்டத்தான் போறே?"

"ஆமா."

"அந்த வீட்டுல பாதி என்னோடது. கூரையில பாதி, துணியில பாதி. என் பாதிக்கு நான் சம்மதிக்கலை. எப்படிக் காட்டறேன்னு பார்க்கறேன்."

"எந்தப் பாதியைச் சொல்றே? வெட்டிக் குடுத்துடவா? கத்தரிக்கோல் இருக்கா?"

"இது யாரோடதுன்னு தெரியுமா?" அக்கா முன்பக்கம் போய், அத்தான் கையிலிருந்த மேஜை விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மூலையில் குத்தியிருந்த டோக்கனைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'பெரிய வீடு' என்று எழுதியிருந்தது. "அந்தம்மாவோடது. வாராவாரம் இங்கதான் வருது. அவங்க மேஜையில எது கொட்டினது, யார் எதைச் சிந்தினது, எந்த வாரம் வீட்டுல சண்டை, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? அடுத்தவங்க கறையையே நான் வெளியே காட்டினது கிடையாது. நீ சொந்த வீட்டுக் கறையை ஆணி அடிச்சு மாட்டப் போறே. அதுவும் நடுப்பட்டையை!"

ஊசி விரிப்பைப் பார்த்தாள். பெரிய வீட்டம்மாவின் துணியை அக்கா துவைக்கிறாள் என்பது அவளுக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

நடுப்பட்டையின் கதையை வாசகர்களுக்கும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அக்காவை ஆசைப்பட்டுக் கேட்டவர் பெரிய வீட்டுப் பிள்ளை. கேட்டது அவர், வீட்டைப் பார்க்க வந்தது அவருடைய அம்மா. அன்றைக்கு என்று பார்த்து மழை. கூடத்தில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியை நடுவில் போட்டு உட்கார வைத்தார்கள். மேலே கூரைத்துணியில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொந்தி மாதிரி தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அக்கா டீயைக் கொண்டு வந்து மேஜையில் வைத்த நேரத்தில் நடுப்பட்டையின் ஓரம் ஆணியை விட்டுச் சரிந்தது. பழுப்புத் தண்ணீர் மொத்தமும் அந்தம்மாவின் தலையில் கொட்டியது.

"கூரையே இப்படின்னா குடும்பம் எப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா எழுந்து போனார். அதற்குப் பிறகு பெரிய வீட்டிலிருந்து பேச்சில்லை. பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கிடைத்த அத்தான் தங்கமானவர் என்பது வேறு விஷயம்.

"அந்த இடத்தை நீ மறந்துட்டே," என்றாள் அக்கா. "சின்னப் பொண்ணு நீ. உனக்கென்ன தெரியும்."

"எனக்கா தெரியாது? நான் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்." ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க போனாங்க. அப்பா தலையில கையை வெச்சுக்கிட்டார். அம்மா பாத்திரம் தேட ஓடினாங்க. நீ என்ன பண்ணினே? உள்ளே போய் அப்பாவோட குடையை எடுத்துட்டு வந்தே. கூடத்து நடுவுல நின்னு விரிச்சே. அவங்க உட்கார்ந்த அதே நாற்காலியில உட்கார்ந்தே. மேல தண்ணி கொட்டுது, குடை பிடிச்சுக்கிட்டு, அவங்களுக்கு வெச்ச டீயை எடுத்து நீ குடிச்சே. நிதானமா. கடைசிச் சொட்டு வரைக்கும்."

அக்கா விரிப்பில் குத்தியிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த மாதிரி ஒரு ராணியை நான் அதுக்கப்புறம் பார்க்கலை. எனக்கு அந்த வளையம் ஒழுகல் இல்ல. நீ."

"ராணியாவது மண்ணாவது." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அழுதுடக் கூடாதுன்னு குடிச்சேன்டி. வாய் நிறைய டீ இருந்தா அழ முடியாது. வேணும்னா செஞ்சு பாரு."

இத்தனை வருஷம் ஒரே நாற்காலியை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஈரம் காயாத பட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. வந்து பார்த்துட்டுத் திட்டு. பார்க்காம திட்டினா நான் கேட்கமாட்டேன்."

"வரமாட்டேன்."

"வராட்டி போ. நான் மாட்டத்தான் போறேன்."

"என் பாதி?"

"அது வேடிக்கை பார்க்கட்டும்!"

*

வாய் வீரத்துக்குக் குறைச்சலில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் கயிறு கட்டிப் பட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டதும் வீரம் வடிந்துவிட்டது.

இரண்டு பக்கமும் பழுப்பும் துருவுமாகக் கறைகள் பேசின. நடுவில் இருந்தது மட்டும் துவைத்துக் காயப்போட்ட துணியாக, வெறும் துணியாக நின்றது. எது முக்கியமோ அதைக் காணோம். மாலை வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஊசி சமையலறைக்குப் போய் டீத்தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். குடிப்பதற்கு அல்ல. கடுந்தேநீரில் கொஞ்சம் துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஊறவைத்தால் வெள்ளைத் துணியில் எத்தனை வயதுக் கறையையும் ஒரு மணி நேரத்தில் வரவழைத்துவிடலாம். சாயத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த வித்தை. பொறுப்பாளர் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

பிரஷைத் தோய்த்துக்கொண்டு வந்து பட்டையின் முன்னால் நின்றாள். ஒரு சொட்டு பிரஷ் நுனியில் திரண்டு தரையில் விழுந்தது.

"என்னம்மா, திரும்பக் கறை போடப் போறீங்களா?" என்றார் ஏணியிலிருந்து தச்சர்.

அந்தக் கேள்வி சுள்ளென்று உறைத்தது. பெய்யாத மழைக்குக் கறை போடுவதா? அப்படிப் போட்டால் அதுவும் ஒரு ஹோட்டல் பூதான். யாரையும் உறுத்தாது, யாருக்கும் தெரியாது, அழகாக இருக்கும், பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யைப் போட்டுப் போட்டுத்தானே கை நின்றுபோனது.

பிரஷைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து பார்க்கும்போது ஜன்னல் வெயில் நடுப்பட்டையின் மேல் இறங்கியிருந்தது. நூல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, எதையும் சுற்றாமல், தாமாகவே நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தாள். தையலுக்கும் தையலுக்கும் நடுவில் அக்காவின் பிரஷ் நுழைந்து வந்த தடம் தெரிந்தது. அந்த இடங்களில் துணியின் இழை லேசாக எழும்பிப் பஞ்சு போல் இருந்தது. ஒரு தையல்கூட அறுபடவில்லை. தங்கை எந்தக் கோட்டில் போனாளோ அதே கோட்டில் அக்காவும் பின்னாலேயே போயிருக்கிறாள், ஒரு விரற்கடை விலகாமல். எதிர் வேலையைத்தான் செய்திருக்கிறாள். ஆனால் அதே கவனத்தோடு.

'இந்தப் பட்டை மட்டும் நான் தனியா செஞ்சதில்ல' என்று ஊசிக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மற்றப் பட்டைகளை இன்னும் என்னவெல்லாம் செய்யலாம் என்று கை பரபரத்தது.

*

பொறுப்பாளர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பட்டையாகப் பார்த்து, "அபாரம்" என்றார். கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் அத்தானின் வேன் வாசலில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவதற்காகப் பார்க்க வந்தவள் எப்படி நிற்பாளோ அப்படி.

"மண்டபத்து முன் கூடத்தையே உங்களுக்குத் தரேன் மேடம்," என்றார் பொறுப்பாளர். "ரெண்டே ரெண்டு விஷயம். நடுவுல இருக்கறதை எடுத்துடுங்க. அது ஏதோ சலவைக்குப் போய்க் கெட்டுப்போன மாதிரி இருக்கு."

அக்காவின் கட்டிய கை இறங்கியது. ஊசி அவளைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது?"

"வாசல்ல ஒரு பலகை வைக்கணும். பார்க்கறவங்களுக்கு மனசுல தைக்கற மாதிரி. 'ஓர் ஏழை வீட்டின் கண்ணீர்'னு..."

"யாரு ஏழை?"

கேட்டது ஊசி இல்லை. அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

"எங்கப்பா உழைச்சுக் கட்டின வீடு இது. ஓடு உடைஞ்சிருந்தது, ஒழுகுச்சு. அதுக்குக் கண்ணீர்னு பேரா? உங்க மண்டபம் ஒழுகினதே இல்லையா?"

பொறுப்பாளர் கொஞ்சம் தடுமாறினார். "போன மழையில பின்பக்கம் லேசா..."

"பலகை வெச்சீங்களா?"

வாசலில் அத்தானுக்கு இருமல் வந்தது.

"இவங்க...?" என்று பொறுப்பாளர் ஊசியைப் பார்த்தார்.

"என் அக்கா," என்றாள் ஊசி. "நடுப்பட்டை கெட்டுப்போகலை மேடம். அது அவங்க வேலை. நான் தைச்சேன், அவங்க கறையை எடுத்தாங்க. அந்தக் கறை யாருக்கு வலிச்சுதோ அவங்களே எடுத்திருக்காங்க. அது இல்லாம மத்தது போகாது. பலகையும் கிடையாது."

"அப்படின்னா நான் யோசிக்கணும்."

"யோசிங்க. நான் யோசிச்சாச்சு."

பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற இரண்டு பேரை ஒரே கூடத்தில் பார்த்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பைக்குள் போட்டு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முன் கூடம் அவரோடு போய்விட்டது.

அத்தான் உள்ளே வந்தார். "ஒருத்தி விரட்டினா போதாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து விரட்டியாச்சா? ரொம்ப நல்லது. இனிமே எங்கே மாட்டுவீங்க?"

ஊசி பொறுப்பாளர் போன வாசலையே பார்த்தாள். அந்த மண்டபம் அவள் இத்தனை நாள் காத்திருந்த இடம். கேட்டால் அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

அக்கா பட்டைகளுக்கு நடுவில் நடந்தாள். ஒவ்வொன்றிலும் கறையை விரலால் தொடாமல், நகத்தால் தொடாமல், கிட்டே குனிந்து பார்த்தாள். தொழில் பழக்கம். நடுப்பட்டையின் முன்னால் வந்ததும் நெடுநேரம் நின்றாள். அப்புறம் தலையைத் தூக்கி, மொட்டையாகக் கிடந்த கூரையைப் பார்த்தாள். புது ஓடுகள், சட்டங்கள், ஆணி பிடுங்கிய ஓட்டைகள்.

"இது இருந்த இடம் இருக்கறப்போ, இதை எதுக்குடி இன்னொருத்தர் வீட்டுல மாட்டணும்?"

ஊசிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அக்கா!"

"வாசலைத் திறந்து வெச்சா வர்றவங்க வரட்டும். வந்தா அண்ணாந்துதான் பார்க்கணும். நம்ம கூரையை எல்லாரும் கீழாப் பார்த்தது போதும்." பிறகு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என் பாதிக்குச் சம்மதம்," என்றாள்.

அதற்குமேல் அந்தக் கூடத்தில் நடந்ததெல்லாம் கூச்சல்தான். தச்சர் எடுத்து வைத்திருந்த பழைய ரீப்பர் கட்டைகள், துணியை அழுத்திப் பிடிக்கிற மெல்லிய சட்டங்கள், வந்தன. அத்தான் ஏணியைப் பிடித்தார். நடுப்பட்டை முதலில் ஏறியது, தையல் பக்கம் கீழே பார்க்க. "இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது" என்று அக்கா அதட்டினாள். "இது படுக்கை விரிப்பு இல்ல" என்று ஊசி திருப்பி அதட்டினாள். தச்சர் வாய் நிறைய ஆணியோடு இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

அடித்து முடித்ததும் அக்கா பின்கட்டுக்குப் போய், சாக்கு மூடிக் கிடந்த அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டித் துடைத்து, சரியாக வளையத்துக்கு அடியில் போட்டு உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மேலே வெள்ளைத் துணியில் நூல் வட்டங்கள், விரித்த குடையை உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி.

"நீ குடையா தைச்சே?"

"இல்லக்கா. நான் ஒழுகலோட ஓரத்துலதான் போனேன். அது பாட்டுக்கு அப்படி வந்திருக்கு."

"ம்." அக்கா இறங்கின குரலில் கேட்டாள்: "டீ இருக்கா?"

கொதிக்க வைத்த கஷாயத்தைக் கொட்டிவிட்டு ஊசி புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தாள். அதற்குள் அக்கா அத்தானைக் கூப்பிட்டாள்.

"வேன்ல பெரிய வீட்டு விரிப்பு இருக்கில்ல? இன்னைக்குக் குடுக்கணும் இல்ல?"

"ஆமா..."

"குடுத்துட்டு, அந்தம்மாவைப் பார்த்துச் சொல்லுங்க. வீட்டைச் சரி பண்ணியாச்சு. அவங்க உட்கார்ந்த நாற்காலி அப்படியே இருக்கு. முதல் ஆளா அவங்கதான் வந்து பார்க்கணும்னு நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

அத்தான் மனைவியைப் பார்த்தார். மச்சினியைப் பார்த்தார். மடிக்க ஒன்றும் கையில் இல்லை.

"நான் ஏதாவது தப்பு பண்ணினேனா?" என்றார் பரிதாபமாக.

"போயிட்டு வாங்க."

போனார். தச்சர் ஏணியை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டுத் தன் டீயை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போனார். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே இருந்தாள்.

போன் அடித்தது. ஊசி எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"சொல்லிட்டேன்," என்றது அத்தானின் குரல். ஏதோ தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு வாயைப் பொத்திப் பேசுகிறார் என்று தெரிந்தது. "முதல்ல ஒண்ணும் பேசலை. விரிப்பை வாங்கி மூலையெல்லாம் பிரிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் 'அந்தப் பொண்ணா கூப்பிட்டா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். உள்ளே போயிட்டாங்க. சரி, அவ்வளவுதான்னு கிளம்பறேன், திரும்பி வந்து ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டுக் கேக்கறாங்களா, குத்திக் கேக்கறாங்களான்னு எனக்குப் பிடிபடலை. நிக்கறாங்க. பதில் சொல்லணும்."

"என்ன கேட்டாங்க அத்தான்?"

"குடை கொண்டு வரணுமான்னு."

ஊசி போனை அக்காவின் பக்கம் நீட்டினாள்.

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் வாய் நிறைய டீ இருந்தது.